‘ஜெண்டூ’ என்னும் வழக்கொழிந்த சொல்

திண்டிவனத்தில் போதகர்கள் சிலர் மாதந்தோறும் கூடித் திருமறை பயிலும் வட்டம் ஒன்றில் பங்குகொள்ளும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அன்று ரோமர் நிருபத்தின் பதினோராம் அதிகாரம் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தது. இடையில் இளம் போதகர் ஒருவர், பாடத்திற்குத் தொடர்பற்றதுபோல் தோன்றிய ஒரு கேள்வியை எழுப்பினார். செஞ்சி, விக்கிரவாண்டி, வந்தவாசிப் பகுதிகளில் நடந்த போர்களைப் பற்றிய பழைய ஆங்கில நூல்களைத் தாம் படித்து வருவதாகவும், கம்பெனியார் காலத்து எழுத்துக்களில் நம் நாட்டாரைக் குறிக்க ‘ஜெண்டூ’ என்றொரு சொல் வருவதாகவும் கூறி, “இது ‘இந்து’ என்பதன் எழுத்துப்பிழையா?” என்று வினவினார். அருகிலிருந்த முதியவரான போதகர் ஒருவர், வெள்ளைக்காரர் வாயில் நம் சொற்கள் பட்ட பாடு பெரும்பாடு என்று கூறி நகைத்தார். அனைவரும் நகைத்தனர். கேள்வி அத்துடன் விடப்பட்டது.

ஆயினும் அக்கேள்வி பாடத்திற்குத் தொடர்பற்றது அன்று. வட்டத்தில் அமர்ந்திருந்த ஒவ்வொருவர் மடியிலும் விரிந்திருந்த பக்கத்திலேயே அச்சொல் இருந்தது. வேறு உடையில் இருந்தமையால் எவரும் அதனை அடையாளம் காணவில்லை. அதன் வழியை இங்கே தேடிக் காண முற்படுகிறோம்.

‘ஜெண்டூ’ என்பது ‘இந்து’ என்பதன் திரிபு அன்று. ஆங்கிலேயர் இந்தியாவில் வழங்கிய சொற்களைத் திரட்டி யூல், பர்னெல் என்னும் இருவர் 1886இல் ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்ற அகராதியை வெளியிட்டனர். இவர்களுள் பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தென்னாட்டு மொழிகளை நன்கு கற்றவர். இச்சொல் போர்த்துக்கீசிய மொழியின் ‘ஜெந்தியூ’ என்பதிலிருந்து வந்தது என்று அவ்வகராதி கூறுகிறது. அவர்கள் காலத்திலேயே அது வழக்கொழிந்துவிட்டது. சென்னையில் மட்டும் ஒரு தனிப்பொருளில் சற்றே ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பொருள் இரண்டு. முதலாவது, இஸ்லாமியர் அல்லாத இந்தியர் அனைவரும். இரண்டாவது, சிறப்பாகத் தெலுங்கரும் அவர்தம் மொழியும். சென்னையில் எஞ்சியிருந்தது இவ்விரண்டாவது பொருளே.

இனி, போர்த்துக்கீசியருக்கு அச்சொல் எங்கிருந்து கிடைத்தது? திருச்சபையின் இலத்தீனிலிருந்து. எபிரேயத்தில் ‘கோயிம்’, கிரேக்கத்தில் ‘எத்னே’ என்று திருமறை வழங்கும் சொல் இலத்தீனில் ‘ஜென்டெஸ்’ ஆயிற்று. அதனோடு சேர்ந்த ‘ஜென்டிலிஸ்’ என்பதிலிருந்தே ஆங்கில வேதாகமத்தின் ‘ஜென்டைல்’ என்ற சொல்லும் பிறந்தது. ஆகவே ‘ஜென்டைல்’, ‘ஜெண்டூ’ இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று வேதாகமத்திற்குள் சென்றது; மற்றொன்று கப்பலேறிச் சோழமண்டலக் கரைக்கு வந்தது.

அத்தாய்ச் சொல்லின் பிறப்பு இன்னும் வியப்பானது. ‘ஜென்ஸ்’ என்றால் பழைய ரோமரிடையே ‘குலம்’. ‘ஜென்டிலிஸ்’ என்றால் ‘ஒரே குலத்தவன்’, அதாவது ‘நம்மவன்’. நற்குடிப் பிறந்தவன், பண்புள்ளவன் எனப் பொருள்படும் ‘ஜென்டில்’, ‘ஜென்டில்மேன்’ என்ற ஆங்கிலச் சொற்கள் இவ்வழி வந்தவையே. ஆனால் பேரரசு விரிந்தபோது, ரோமர் அல்லாத பிற குலத்தாரைக் குறிக்கவும் அதே சொல் பயன்பட்டது. பின்னர்த் திருச்சபையின் வாயில் அது உடன்படிக்கைக்கு வெளியே நிற்போரைக் குறித்தது. ‘நம்மவன்’ என்று பிறந்த சொல் ‘நம்மவன் அல்லாதவன்’ என்று முடிந்தது. சொல்லின் எழுத்து மாறவில்லை. அதைச் சொல்லுபவன் நின்ற இடம் மாறிற்று.

1498ஆம் ஆண்டு வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியபோது நடந்தது இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. ‘மூர்’ என்று தாங்கள் அழைத்த இஸ்லாமியரை அவர்கள் ஆப்பிரிக்கக் கரையிலேயே அறிந்திருந்தனர். கோழிக்கோட்டு மக்கள் மூர் அல்லர்; எனவே கிறிஸ்தவராகத்தான் இருக்கவேண்டும் என்று எண்ணிக்கொண்டனர். ஒரு கோயிலுக்கு அழைத்துச் செல்லப்பட்டபோது அதனை ஆலயம் என்றே கருதி மண்டியிட்டு மன்றாடினர். சுவரில் எழுதப்பட்டிருந்த, நீண்ட பற்களும் நான்கைந்து கைகளும் உடைய உருவங்களைப் புனிதர்கள் என்று அப்பயணத்தின் குறிப்பு எழுதி வைத்திருக்கிறது. நகைப்புக்குரிய பிழைதான். ஆனால் அன்று அவர்கள் அம்மக்களைத் தம்மவர் என்று எண்ணி அவர்கள் நடுவே முழங்காற்படியிட்டனர் என்பதும் உண்மை. சில ஆண்டுகளுக்குள் பிழை தெரிந்தது. மூரும் அல்லர், கிறிஸ்தவரும் அல்லர் என்றால் எஞ்சிய பெயர் ஒன்றே: ‘ஜெந்தியூ’. ஒரு மக்களை அவர்கள் யார் என்று கேட்டு அறிந்து இடப்பட்ட பெயர் அன்று அது. யார் யார் அல்லர் என்று கழித்துப் பார்த்து, மீந்ததற்கு இடப்பட்ட பெயர்.

அப்பெயர் தெலுங்கருக்கு எவ்வாறு உரியதாயிற்று? போர்த்துக்கீசியர் வந்தபோது தென்னாட்டில் ஓங்கி நின்ற பேரரசு விஜயநகரம். அதன் அவையிலும் படையிலும் தெலுங்குக்குப் பெருமதிப்பு இருந்தது. ‘ஜெந்தியூக்களின் அரசு’ என்றால் அவர்களுக்கு அதுவே. நம் பகுதிக்கும் இதில் பங்குண்டு. செஞ்சியை ஆண்ட நாயக்கர்கள் விஜயநகரத்தின் கீழிருந்து வளர்ந்தவர்கள். 1597இல் நிக்கோலாஸ் பிமெந்தா என்ற இயேசு சபையார் செஞ்சிக்கு வந்து கிருஷ்ணப்ப நாயக்கரைக் கண்டு சென்றார்; அந்நகரின் பெருமையைத் தம் மடல்களில் எழுதினார். ஆங்கிலேயருக்கு வேறொரு காரணமும் இருந்தது. கீழைக்கரையில் அவர்கள் முதன்முதல் 1611இல் பண்டகசாலை அமைத்தது மசூலிப்பட்டணத்தில். அங்கே அவர்களைச் சூழ்ந்திருந்தோர் தெலுங்கர். 1639இல் சென்னைப் பகுதியை அவர்களுக்கு வழங்கிய தாமர்ல நாயக்கர் குடும்பமும் தெலுங்குக் குடும்பமே. ஆகவே தெலுங்கு ‘ஜெண்டூ’ ஆயிற்று. தமிழோ ‘மலபார்’ என்ற பெயர் பெற்றது. மேலைக்கரையில் முதலில் இறங்கியவர்கள் அங்குக் கேட்ட பேச்சையும் இங்குக் கேட்ட பேச்சையும் ஒன்றென்று எண்ணியதன் விளைவு அது. இந்துஸ்தானிக்கு ‘மூர்ஸ்’ என்று பெயர்.

கம்பெனியின் எழுத்தர் ஒருவர் அந்நாளில் ஆற்காட்டு நாட்டைப் பற்றி எழுத அமர்ந்தால், அங்கு மலபார், ஜெண்டூ, மூர்ஸ் என்னும் மூன்று மொழிகள் வழங்குகின்றன என்றே எழுதியிருப்பார். மூன்று பெயர்களுள் ஒன்றேனும் அம்மொழியைப் பேசியோர் வாயில் வழங்கியது அன்று. செஞ்சிக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் 1750இல் பிடித்ததும், 1752இல் விக்கிரவாண்டி அருகே ஆங்கிலப் படை தோற்றதும், 1760இல் வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர் தோற்றதும் இம்மூன்று பெயர்கள் உலவிய காலத்தில்தான். அதே ஆண்டுகளில் புதுச்சேரியில் அமர்ந்து தமிழில் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த ஆனந்தரங்கப்பிள்ளைக்கு இப்பெயர்கள் தேவைப்படவில்லை. அவர் தமிழில் எழுதினார். அவர் பெயரால் தெலுங்கில் ஒரு யாப்பு நூல் இயற்றப்பட்டது. இரு மொழியும் ஒரே திண்ணையில் அமர்ந்திருந்தன.

இப்பெயர்களின் தவற்றை முதலில் உணர்ந்தோர் மொழியைக் கற்க முற்பட்டோரே. வேப்பேரியில் 1779இல் ஃபப்ரீஷியஸ் ஐயர் அச்சிட்ட அகராதியின் முகப்பு, அதனை மலபார் அகராதி என்று அழைத்துவிட்டு, உடனே அம்மொழி தமிழ் என்றும் மலபார் என்பது ஐரோப்பியர் வழங்கும் பெயர் என்றும் விளக்குகிறது. 1816இல் காம்பெல் வெளியிட்ட தெலுங்கு இலக்கணத்தின் முகப்பும் அவ்வாறே: மொழியின் பெயர் தெலுங்கு, ஜெண்டூ என்பது பொதுவழக்கு. இரு முகப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தவறான பெயரைச் சொல்லாவிடில் வாங்குவோருக்குப் புரியாது, அதை மட்டும் சொன்னால் மனச்சான்று ஒப்பாது என்ற நிலையில் இருவரும் எழுதியது தெளிவாகும். காம்பெல் நூலின் முன்னுரைப் பகுதியில்தான் எல்லிஸ் என்பவர், தமிழும் தெலுங்கும் கன்னடமும் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல, தம்முள் ஒரு குடும்பம் என்று நிறுவினார். கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணம் 1856இல் வருவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த செய்தி இது. ‘ஜெண்டூ’ என்ற பெயரை ஒதுக்கி ‘தெலுங்கு’ என்று அழைத்த நூலிலேயே தெலுங்கும் தமிழும் உடன்பிறப்புகள் என்ற உண்மையும் வெளிப்பட்டது. இதைத் தற்செயல் என்று கொள்ள நமக்கு மனம் வரவில்லை.

வங்காளத்திலோ ‘ஜெண்டூ’ முதற்பொருளிலேயே நின்றது. வாரன் ஹேஸ்டிங்ஸின் ஏற்பாட்டில் பதினொரு பண்டிதர்கள் தொகுத்த தருமநூலைப் பாரசீக மொழிவழி ஆங்கிலமாக்கி, ஹால்ஹெட் என்பவர் 1776இல் ‘ஜெண்டூ சட்டத் தொகுப்பு’ என்ற பெயரில் வெளியிட்டார். அந்நூலின் முன்னுரையில் அவர் சொல்லின் பிறப்பைப் பற்றி ஒரு விளக்கம் தருகிறார். ‘ஜெண்டூ’ என்பது வடமொழியின் ‘ஜந்து’ என்பதாம். உயிர்ப்பிராணி என்று பொதுவாகவும், மனிதன் என்று சிறப்பாகவும் பொருள்படுமாம். இங்குள்ளோர் தம்மை அவ்வாறு அழைத்துக்கொள்ளக் கேட்டே போர்த்துக்கீசியர் அப்பெயரை வழங்கினராம்! தமிழில் ‘ஜந்து’ என்று ஒருவரை அழைத்தால் என்ன நிகழும் என்பதை வாசகர் அறிவர். பிழையான விளக்கம்தான்; ஆனால் இப்பிழையைக் கைவிட்டுவிட வேண்டாம், சற்றுப் பின்னர் இது நமக்குத் தேவைப்படும்.

அயலார் இட்ட பெயர்களைக் குறைகூறிக்கொண்டே செல்வதும் நேர்மையாகாது. தமிழர் தெலுங்கரை எவ்வாறு அழைத்தனர்? ‘வடுகர்’ என்று. வடக்கே இருப்போர் என்பதே அதன் பொருள். சங்கப் பாடல்களிலேயே வடுகர் வருகின்றனர். புரியாத மொழி பேசும் கடுமையான மக்களாகவே வருகின்றனர். 1719இல் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர்ச் சென்னையில் ஊழியம் தொடங்கிய பெஞ்சமின் ஷூல்ட்ஸ் ஐயர், திருமறையைத் தெலுங்கில் மொழிபெயர்த்தார். ஹாலேக்கு அனுப்பப்பட்ட அக்கையெழுத்துப் படி அச்சேறவில்லை. அவரும் அவருடைய தோழர்களும் அம்மொழியை ‘வருகு’ மொழி என்று எழுதினர். தமிழரிடம் கேட்டு எழுதிய ‘வடுகு’ அது. கம்பெனி அயலார் பெயரை வழங்கிற்று. மிஷனோ பக்கத்து வீட்டார் பெயரை வழங்கிற்று. இரண்டும் அவ்வீட்டார் தமக்கு இட்டுக்கொண்ட பெயர் அல்ல.

தெலுங்கரும் இதில் நமக்குக் கடன்பட்டவர் அல்லர். தமிழுக்கு அவர்கள் வழங்கும் பெயர் ‘அரவம்’. வெறும் ஓசை என்று அதற்கு ஏளனமாகப் பொருள் சொல்வோரும் உண்டு. ஆனால் அப்பெயர் ‘அருவா’ என்னும் நாட்டின் பெயரிலிருந்து வந்ததென்று அறிஞர் பலர் கருதுவர். கொடுந்தமிழ் நாடுகள் பன்னிரண்டில் அருவாநாடும் அருவாவடதலைநாடும் எண்ணப்படுகின்றன; பட்டினப்பாலையிலும் அருவாளர் பேசப்படுகின்றனர். அந்த அருவாநாடு எது? பெண்ணையாற்றிற்கும் பாலாற்றிற்கும் இடைப்பட்ட நிலம் என்று பொதுவாகக் கொள்வர். விழுப்புரமும் திண்டிவனமும் அமைந்த நிலமே அது! வடக்கிலிருந்து வருவோர் முதலில் கண்ட தமிழர் இப்பகுதியார் ஆகையால், இவர்கள் பெயரே தமிழர் அனைவருக்கும் ஆகியிருக்கலாம். அவ்வாறாயின் உலகெங்கும் உள்ள தமிழரைத் தெலுங்கர் இன்றும் விழுப்புரத்தார் பெயரால்தான் அழைக்கின்றனர். புளியங்காடு என்று பொருள்படும் பெயருடைய திண்டிவனத்தின் ஒரு பகுதியாகிய கிடங்கல், சிறுபாணாற்றுப்படை பாடும் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர். இங்குள்ள சபைகளின் வரலாற்றை எழுதுவோர் மிஷன் வந்த ஆண்டிலிருந்து தொடங்குவதே வழக்கமாகிவிட்டது. ஊரின் பெயர்கள் அதனினும் மிகப் பழையவை என்பதை இங்கே சொல்லிவைக்கிறோம்.

இவ்விரு மொழியாரும் இங்கு எவ்வளவு கலந்து வாழ்ந்தனர் என்பதற்கு ஒரு சான்று போதும். 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்தவர். ஆலய நுழைவுச் சட்டமும் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டமும் அவர் ஆட்சியில் 1947இல் நிறைவேறின. கம்பெனி எழுத்தரின் ஏட்டில் ரெட்டியார் என்றால் ‘ஜெண்டூ’தான். திண்டிவனத்தில் எவரேனும் அவரை அவ்வாறு அழைத்திருந்தால் விளங்கியிராது, விளங்கியிருந்தால் பொறுத்திரார்.

இனி நம் கையிலுள்ள திருமறைக்கு வருவோம். 1871இல் பவர் ஐயர் தலைமையில் முடிவுற்ற தமிழ் மொழிபெயர்ப்பு, ‘எத்னே’ என்னும் கிரேக்கச் சொல்லையும் அதன் கிளைகளையும் ஒரே சொல்லால் பெயர்க்கவில்லை. மத்தேயுவின் இறுதியில், சீஷராக்கப்பட வேண்டியோர் ‘ஜாதிகள்’. ரோமர் பதினோராம் அதிகாரத்தில் பவுல் விளித்துப் பேசுவோர் ‘புறஜாதியார்’. மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் வீணாக அலப்பிச் செபிப்போரும், பதினெட்டாம் அதிகாரத்தில் சபைக்குச் செவிகொடாதவனுக்கு ஒப்பாகச் சொல்லப்படுபவனும் ‘அஞ்ஞானிகள்’. மூலத்தில் ஒரே வேரினர், தமிழில் மூன்று வகையினர். நாம் சென்று சேரவேண்டியோர் என்றால் ஜாதிகள். நம்மைப் போன்றோர் என்றால் புறஜாதியார். நாம் ஆகக்கூடாதோர் என்றால் அஞ்ஞானிகள். ஆங்கில வேதாகமமும் இதே தடுமாற்றத்தில் ‘ஜென்டைல்’, ‘ஹீதன்’ என்ற இரு சொற்களை மாறிமாறி ஆண்டிருக்கிறது என்பதால், நம் மொழிபெயர்ப்பாளரை மட்டும் குறைகூற இயலாது. எனினும் அறிவிலி என்று பொருள்படும் ஒரு சொல்லை, மக்களினம் என்று மட்டுமே பொருள்படும் சொல்லுக்கு ஈடாக வைத்தது மூலத்தில் இல்லாத ஒரு தீர்ப்பை வாசகத்தில் ஏற்றியதாகும் என்பது நம் கருத்து. 1995இல் வெளியான திருவிவிலியம் ‘பிற இனத்தார்’ என்று பெயர்த்திருப்பது மூலத்திற்கு அணித்தானது.

ஆயினும் ‘புறஜாதி’ என்ற சொல்லில் மொழிபெயர்ப்பாளர் அறியாமலே ஓர் உண்மையைத் தொட்டனர். ‘ஜாதி’ என்பது பிறத்தலைக் குறிக்கும் ‘ஜன்’ என்ற வடமொழி வேரிலிருந்து வந்தது. இலத்தீனின் ‘ஜென்ஸ்’ என்பதும் அதே வேரின் மேலைக்கிளை என்று மொழிநூலார் நிறுவியிருக்கின்றனர். ஹால்ஹெட் கூறிய ‘ஜந்து’வும் அவ்வேரினதே. அவர் வழியைத் தவறவிட்டார். ஆனால் வீட்டைத் தவறவிடவில்லை. ஜென்ஸ், ஜென்டைல், ஜெண்டூ, ஜந்து, ஜாதி ஆகிய இவை அனைத்தும் ‘பிறந்தது’ என்ற ஒரே கருத்திலிருந்து புறப்பட்டவை. ஒரு வயிற்றில் பிறந்த சொற்கள் உலகைச் சுற்றி வந்து, பிறப்பைக் காரணமாகக் காட்டி மனிதரை அகத்தார் என்றும் புறத்தார் என்றும் பிரிக்கும் தொழிலில் மீண்டும் ஒன்று சேர்ந்திருக்கின்றன.

இதன் கூர்மை நூலறையில் தெரிவதில்லை. பிரசங்க பீடத்தில் தெரிகிறது. விழுப்புரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் எபேசியர் இரண்டாம் அதிகாரத்தை வாசித்துப் பிரசங்கித்த நாளில், ஆராதனை முடிந்ததும் முதிய தாயார் ஒருவர் நம்மிடம் வந்து, “ஐயா, புறஜாதின்னு படிச்சீங்களே, அது நம்ம காலனியைச் சொல்றதுதானே?” என்று கேட்டார். இல்லை அம்மா, யூதர் அல்லாதவர் என்று பொருள் என விளக்கினோம். அவர் தலையசைத்துச் சென்றார். வழிநெடுக அவ்விளக்கம் நம்மை உறுத்தியது. ஊர் ஓரிடத்திலும் சேரி அதற்குப் புறத்திலும் அமைந்த நிலத்தில், தலைமுறை தலைமுறையாகப் புறத்தே வாழ்ந்த ஒருவருக்குப் ‘புறம்’ என்பதும் ‘ஜாதி’ என்பதும் அகராதிச் சொற்கள் அல்ல. எருசலேம் ஆலயத்தில் புறஜாதியார் தாண்டக்கூடாதென்று நின்ற தடைச்சுவரை நாம் படம் வரைந்து விளக்க வேண்டியிருக்கிறது. அவர் அதனைக் கண்டே வளர்ந்தவர். அவர் சொன்னது தவறான பொருள் என்று கொண்டு திருத்தியது நாம். அந்நிருபத்தை எழுதியவர் அங்கு நின்றிருந்தால் யாரைத் திருத்தியிருப்பாரோ!

இப்பகுதித் திருச்சபை இச்சிக்கலை முன்னரே கண்டதுண்டு. விழுப்புரத்திலிருந்து கடலூர் செல்லும் இருப்புப்பாதையில் மேல்பட்டாம்பாக்கம் என்னும் ஊர் உள்ளது. லைப்சிக் மிஷனைச் சேர்ந்த கார்ல் ஓக்ஸ் ஐயர், சபைக்குள் சாதி வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளும் தம் மிஷனின் போக்கை ஏற்க மறுத்து, அதினின்று பிரிந்து வந்து பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்ற நிலையத்தை நிறுவினார். 1860களில் டேனிஷ் மிஷன் சங்கம் அவரை ஏற்றுக்கொண்டது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தொடக்கம் அதுவே. சாதி சமுதாய வழக்கம் மட்டுமே, விசுவாசத்தைத் தொடாது என்பது லைப்சிக் மிஷன் தலைவர்களின் வாதம். ஒரே பந்தியில் அமராதார் ஒரே பாத்திரத்தில் பங்குகொள்வதாகச் சொல்வது எங்ஙனம் என்பது மறுதரப்பாரின் வினா. அகமும் புறமும் சபைக்கு வெளியே மட்டும் இருந்ததில்லை.

ஓக்ஸ் ஐயரின் காலத்தில் ‘ஜெண்டூ’ ஏறத்தாழ மறைந்துவிட்டது. மிஷன் அறிக்கைகளில் அதன் இடத்தில் ‘ஹீதன்’ அமர்ந்தது. அமெரிக்க ஆற்காடு மிஷனின் திண்டிவனம் நிலையத்தில் 1890இல் நடந்தது நம் மாணவர் அனைவரும் அறிந்த செய்தி. மருத்துவரான ஜான் ஸ்கடரின் மகள் ஐடா, இளம்பெண்ணாக அங்குத் தங்கியிருந்த ஓர் இரவில், ஒருவர் பின் ஒருவராக மூவர் வந்து கதவைத் தட்டினர்: ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், மற்றோர் இந்து. மூவர் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். ஆண் மருத்துவர் வருவதற்கு அவர்கள் இசையவில்லை. தமக்கு மருத்துவம் தெரியாது என்றார் ஐடா. விடியுமுன் மூன்று பெண்களும் இறந்தனர். பழைய ஏட்டின்படி எழுதினால், வந்தோர் ஜெண்டூ இருவர், மூர் ஒருவர். அவ்வாறு எழுதினால் அக்குறிப்பில் ஒரு பிழையும் இராது. அவ்விரவில் நடந்ததில் ஒன்றும் இராது. ஐடா ஸ்கடர் 1899இல் மருத்துவப் பட்டம் பெற்று மீண்டதும், வேலூரில் அவர் கட்டியெழுப்பியதும் இங்கே விரிக்க வேண்டுவதில்லை. அந்த ஆற்காடு மிஷன், மதனப்பள்ளியில் தெலுங்கரிடையேயும் திண்டிவனத்தில் தமிழரிடையேயும் ஒருங்கே ஊழியம் செய்த மிஷன் என்பதை மட்டும் குறிப்பிட்டு அமைகிறோம்.

திண்டிவனத்து இளம் போதகருக்கு இவ்வளவையும் சுருக்கி ஒரு கடிதம் எழுதினோம். ‘ஜெண்டூ’ எழுத்துப்பிழை அன்று என்றும், ரோமர் பதினோராம் அதிகாரத்தின் பதின்மூன்றாம் வசனத்தில் ‘புறஜாதியார்’ என்று வரும் இடத்தில் அச்சொல்லை வைத்து ஒருமுறை வாசித்துப் பார்க்குமாறும் எழுதியிருந்தோம். அடுத்த மாதக் கூட்டத்தில் அவர் அவ்வாறே உரக்க வாசித்திருக்கிறார். சற்று நேரம் எவரும் பேசவில்லையாம். முன்பு நகைத்த முதிய போதகர், வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தவர் என்பது அதுவரை நமக்குத் தெரியாது. அவரே முதலில் வாய்திறந்து, “அப்படியானால் தம்பி, இந்த நிருபம் நேராக எங்கள் வீட்டு விலாசத்துக்குத்தான் வந்திருக்கிறது” என்றாராம்.